வெள்ளைப் பூக்களுக்குள் ஒரு பள்ளம்

பூப்பாத்தியின் நடுவில் யாரோ படுத்து எழுந்துபோன மாதிரி ஒரு பள்ளம் இருந்தது.

பார்கவி தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலை வெயில் அப்போதுதான் சுற்றுச்சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் நெடுக, இடுப்பு உயரத்துக்கு, கம்பி போல மெலிந்த தண்டுகளின் நுனியில் வெள்ளைப் பூக்கள் ஆடின. நடுவில் மட்டும் தண்டுகள் தரையோடு சாய்ந்து அமுங்கிக் கிடந்தன. தெருநாய் வந்து படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் நாய் சுருண்டு படுக்கும். இந்தப் பள்ளம் நீளமாக இருந்தது. வாசல் கேட்டும் தாழ் போட்டபடியே இருந்தது. அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, உள்ளே கணவர் கல்யாணசுந்தரத்தைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துணி ஊற வைக்க வேண்டும். சாய்ந்த தண்டுகளை இரண்டு கையாலும் அள்ளி நிமிர்த்தி, குச்சி நட்டு, பழைய புடவைக் கிழிசலால் கட்டிவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணசுந்தரம் புனே தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெறும் வயது வரும் முன்பே, ஒரு நாள் ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது, கண்ணாடி முன்னாலேயே சரிந்தார். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. 'தண்ணி', 'வா' என்று இரண்டொரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. மாடிக் குவார்ட்டர்ஸில் அவரை ஏற்றி இறக்க முடியாததால் லோஹேகாவில் இந்தத் தரைத்தள வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பார்கவி கணக்கு டீச்சர் வேலையை விட்டாள். அதன்பிறகு அவள் ஒரு இரவு கூட முழுசாகத் தூங்கியதில்லை. பல் தேய்க்கும்போது தூங்கினாள், பால் பொங்கும்போது நின்றபடியே தூங்கினாள். களைப்பு என்பது உடம்பில் இருந்து இறக்கி வைக்கக்கூடிய ஒன்று என்பதையே மறந்துபோயிருந்தாள்.

அவர் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே சுற்றுச்சுவரும், அதையொட்டி சரளை கலந்த வறண்ட மண்ணும்தான் இருந்தன. பொழுது முழுக்க அவர் பார்ப்பது அந்தச் சுவரைத்தான் என்பது அவளுக்கு ஒருநாள் உறைத்தது. முண்ட்வா பக்கம் ஒரு நர்சரியில் போய், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் என்ன வளரும் என்று கேட்டாள். ஒரு விதைப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். கௌரா என்று பெயர் சொன்னார்கள். ஒருமுறை வந்துவிட்டால் வருஷா வருஷம் தானே துளிர்க்கும், பூ பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் என்றார்கள்.

மழை ஓய்ந்ததும் தட்டில் மணலும் மட்கிய தேங்காய் நாரும் கலந்து விதைத்தாள். விதை மேல் மண்ணை அழுத்தாமல் சும்மா தூவினாள். வெகுநாள் ஒன்றும் முளைக்கவில்லை. கொட்டிவிடலாம் என்று எடுத்த காலையில்தான் பச்சை நூல் போலத் தலை நீட்டியிருந்தன. இந்தச் செடிக்கு வேர் ஆணி மாதிரி நேரே கீழே இறங்கும், பெரிதானபின் இடம் மாற்றினால் செத்துப்போகும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் சின்னதாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கரண்டியால் தோண்டி எடுத்துச் சுவரோரம் நட்டாள். குளிர் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பூத்தது. தண்டு கண்ணுக்கே தெரியாத அளவு மெலிசு. கட்டிலில் இருந்து பார்த்தால் வெள்ளை வெள்ளையாக ஏதோ காற்றில் மிதப்பது போலத்தான் தெரியும். முதல் பூவைப் பார்த்த அன்று கல்யாணசுந்தரத்தின் உதடு இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறியது. அவருக்கு வாதம் வந்த நாளிலிருந்து அவள் பார்த்த முதல் சிரிப்பு அது.

மறுநாளும் பள்ளம் இருந்தது. நட்ட குச்சிகளை யாரோ பிடுங்கிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். எறியவில்லை. ஒழுங்காக, ஒன்றன்மேல் ஒன்றாக. பள்ளமும் நேற்று இருந்த இடத்தில் இல்லை. ஜன்னலை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

பக்கத்து விமானப் படைத் தளத்திலிருந்து ஒரு போர் விமானம் கிளம்பி வீட்டு மேலாகப் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாத்தி முழுவதும் பூக்கள் நடுங்கின. பள்ளத்தின் ஓரத்தில் நின்ற பூக்கள் மட்டும் நடுங்கவில்லை. பார்கவி அதைக் கவனித்தாள். கவனித்ததை உடனே மறக்கப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அன்று சாயங்காலம் மீன் குழம்பு கொண்டுவந்தாள். விமானப் படையில் இருக்கும் சார்ஜெண்ட்டின் மனைவி, தூத்துக்குடிக்காரி. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அடிக்கடி வருவாள்.

"என்னக்கா, நேத்து மத்தியானம் ரொம்பக் களைச்சிட்டியளோ? பூவுக்குள்ள படுத்துக் கெடந்திய."

"யாரு?"

"நீங்கதான். மாடியில காயப்போட்ட துணி எடுக்க வந்தேன். கூப்பிட்டேன். கண்ணு தொறந்துதான் இருந்துது, திரும்பிப் பாக்கல. சரி, அசந்து கெடக்காவன்னு வந்துட்டேன்."

"மத்தியானம் நான் இவருக்கு ஊட்டிக்கிட்டு இருந்தேன் மேரி."

மேரி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்க எலுமிச்சைக் கலர் சேலைதான் தெரிஞ்சுது. வெயில்ல கண்ணு கூசிருச்சோ என்னமோ." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, வேணும்னா நான் வந்து அண்ணனைப் பாத்துக்கிடுதேன். நீங்க நாலு மணி நேரம் தூங்குங்க. இப்படியே போனா நீங்க விழுந்துருவிய," என்றாள்.

"பாத்துக்கறேன். நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் பார்கவி. யாராவது அப்படிச் சொன்னால் அவள் எப்போதும் சொல்லும் பதில் அது.

மேரி போனபின் கட்டிலண்டை வந்தாள். கல்யாணசுந்தரம் ஜன்னலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு எதையோ தேடியது.

"ரெண்டு," என்றார்.

புதுச் சொல். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு புதுச் சொல். "என்னங்க? என்ன ரெண்டு? இன்னொரு தரம் சொல்லுங்க."

அவர் இடது கையைத் தூக்கி அவளைக் காட்டினார். பிறகு ஜன்னலைக் காட்டினார். "ரெண்டு," என்றார். கண் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

டாக்டரிடம் போனில் சொன்னாள். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒன்று இரண்டாகத் தெரிவது உண்டு, பேச்சு திரும்புவது நல்ல அறிகுறி என்று அவர் சொன்னார். அதை நம்பிக்கொள்வது சுலபமாக இருந்தது.

அதற்கப்புறம் வீட்டுக்குள்ளும் சின்னச் சின்னதாக ஏதோ நடக்கத் தொடங்கியது. கல்யாணசுந்தரத்தின் நகத்தை வெட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நகவெட்டியோடு வந்தால், நகம் வெட்டியிருந்தது. அவள் எப்போதும் அவசரத்தில் சதையோடு வெட்டி அவரை முகம் சுளிக்க வைப்பாள். இது பிறை பிறையாக, அழகாக வெட்டியிருந்தது. ஊற வைத்த துணி அலசிக் கொடியில் கிடந்தது. மருந்து டப்பாவில் மதிய மாத்திரை இல்லை. நான்தான் கொடுத்திருப்பேன், மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். தூக்கமில்லாத தலையில் எதுதான் நிற்கிறது. ஆனால் அலசிய துணிக்கு நடுவே ஒரு வெள்ளை இதழ் ஒட்டியிருக்கும். அவர் தலையணையில் ஒன்று இருக்கும். சமையலறை மேடையில், தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில், மண் ஈரத்தோடு ஒன்று.

ஒருநாள் கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினாள், அதட்டினாள். கடைசியில் அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பிட்ட வயிறு. உதட்டோரம் ஈரத்துணியால் துடைத்த சுவடு. குனிந்தபோது அவர் மூச்சில் கஞ்சி வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது. வெயில் காய்ந்த மண்ணை ஆழமாகத் தோண்டினால் அடியிலிருந்து வருமே, அந்தக் குளிர்ந்த வாசனை.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயந்தும்தான் இருந்தாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. ஒரு வேளைக் கஞ்சி குறைந்தது என்ற ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகள் தீப்தி போன் செய்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண், அம்மாவோடு மட்டும் தமிழ் பேசுவாள்.

"அம்மா, ஏன் இன்னைக்கு இவ்ளோ டல்லா பேசற?"

"எப்பவும் போலத்தானே பேசறேன்."

"இல்ல. வெள்ளிக்கிழமை நீயே போன் பண்ணப்போ எவ்ளோ ஹாப்பியா இருந்த. எனக்கு அழுகையே வந்துடுச்சு தெரியுமா. ரொம்ப நாளைக்கு அப்பறம் பழைய அம்மாகிட்ட பேசின மாதிரி இருந்துது. அப்படியே இரும்மா. ப்ளீஸ்."

பார்கவி ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். வெள்ளிக்கிழமை அவள் யாருக்கும் போன் செய்யவில்லை.

"என்னம்மா பேசினேன்?" என்று மெல்லக் கேட்டாள்.

"என்னவோ, செடி பத்தித்தான். நல்லா தூங்கினேன்னு சொன்னியே. மறந்துட்டியா?"

"ஆமா," என்றாள். "மறந்துட்டேன்."

ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னலருகே போனாள். பள்ளம் இப்போது ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. மேலிருந்து பார்த்ததில் அதன் வடிவம் முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. தலை அமுங்கிய வட்டம். தோள். ஒருக்களித்த இடுப்பு. மடக்கிய முழங்கால்கள். வலது கை கன்னத்துக்கு அடியில். பார்கவி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் தூங்குவாள்.

அன்றே அந்தச் செடிகளைப் பிடுங்கியிருக்க வேண்டும். அவள் பிடுங்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மறுநாள் மத்தியானம் கல்யாணசுந்தரத்தின் படுக்கை நனைந்திருந்தது. விரிப்பை மாற்ற வேண்டும், அவரைப் புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும். இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, யாருக்கோ வழிவிடுவது போல, ஒன்றும் செய்யாமல் ஹாலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெறுங்காலின் சத்தம். பீரோ திறந்தது. விரிப்பை உதறும் சத்தம். பக்கெட்டில் தண்ணீர். அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் எழுந்திருக்க வேண்டும். எல்லாச் சத்தமும் நிதானமாக, ஓய்வெடுத்த கைகளின் சத்தமாக இருந்தது. நடுவில் கல்யாணசுந்தரம் ஒரு மாதிரி முனகினார். அப்போதும் அவள் திறக்கவில்லை.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சலவை விரிப்பு, சுருக்கமில்லாமல். டெட்டால் வாசனை. அவருக்குத் தலை வாரிவிட்டிருந்தது. அவளைக் கண்டதும் அவர் சுவர்ப் பக்கமாக ஒடுங்கினார். அசையாத உடம்பை, அசையும் ஒரு பாதியால் இழுத்துக்கொண்டு ஒடுங்கினார்.

"நான்தாங்க," என்றாள். "என்னங்க, நான்தான்."

பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவள் திரும்பி வந்த பிறகுதான் இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டார். தடவினார். கஞ்சிப் பாத்திரம் சுட்ட பழைய தழும்பில் விரல் நின்றது. அவ்வளவுதான், கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நகம் பதிகிற பிடி. "வா," என்றார். "வா. வா." குழந்தை போல அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழியும் வாசனை வந்தபோது, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று ராத்திரி அவள் முடிவு செய்தாள். விடிந்ததும் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட வேண்டும்.

விடிந்ததும் முடியவில்லை. வேலைக்கு மேல் வேலை. கஞ்சியை ஆற வைத்துவிட்டு, கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது உச்சி வெயில். தெருவில் ஒரு ஆள் இல்லை. மேரி வீட்டு ஜன்னல்கள் வெயிலுக்காகச் சாத்தியிருந்தன. தார்ச்சாலை உருகும் வாசனை. தூரத்தில் எங்கோ ஒரு குக்கர் விசில். வெள்ளைப் பூக்கள் வெளிச்சத்தில் கண்ணைக் குத்தின. காற்று இல்லை. பூக்கள் அசைந்துகொண்டிருந்தன.

குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து அறுத்தாள். இன்னொரு கொத்து. அறுத்த தண்டுகள் கையில் கனமே இல்லாமல் இருந்தன. வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும். ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். வேர் அசையவில்லை. கீழே, ஆழத்தில், யாரோ மறுமுனையைப் பிடித்திருப்பது போல.

இழுத்தாள். கீழேயிருந்து மெல்ல, பொறுமையாக, ஓர் இழுப்பு.

கையை விட்டாள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றியது. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. முதுகு முழுக்க வியர்வை. எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். ஊன்றிய இடம் குளுமையாக இருந்தது. நாள் முழுக்க வெயில் காய்ந்த மண். குளுமை. உள்ளங்கை வழியாக அது மேலே ஏறியது. முழங்கைக்கு. தோளுக்கு. அத்தனை வருஷ வலியும் அந்த வழியாகவே இறங்கிப் போவது போல இருந்தது.

ஒரு நிமிஷம், என்று நினைத்தாள். ஒரே ஒரு நிமிஷம்.

ஒருக்களித்துப் படுத்தாள். இடுப்பு பள்ளத்தில் சரியாகப் பொருந்தியது. தோள் பொருந்தியது. முழங்கால் தானாக மடங்கிற்று. கை கன்னத்துக்கு அடியில் போனது. தலைக்கு ஒரு வட்டம், அளவெடுத்தது போல. கடைசியாக எப்போது இப்படிப் படுத்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. தலைக்கு மேல் ஒரு விமானம் போயிற்று. பார்த்தாள். சத்தம் கேட்கவில்லை.

கஞ்சி ஆறிப்போகும்.

எழுந்திருக்க நினைத்தாள். உடம்பு அசையவில்லை. விரலை மடக்கப் பார்த்தாள். விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கத்தினாள். சத்தம் வரவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

தண்டுகளின் இடைவெளியில் ஜன்னல் தெரிந்தது.

உள்ளே யாரோ பேசினார்கள். "என்னங்க, எழுந்திருங்க. கஞ்சி." அவள் குரல். அவள் குரலில் இருக்கும் அலுப்பு மட்டும் இல்லை.

எலுமிச்சை நிறப் புடவை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. கையில் கிண்ணம். கஞ்சியைக் கரண்டியால் எடுத்து, ஊதி, நீட்டியது.

கல்யாணசுந்தரம் கரண்டியைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நேராக அவளை. அவர் பார்வை அவள் கண்ணில் வந்து நின்றது. இடது கை மேலே எழுந்தது. காட்டியது.

அந்தக் கையை இன்னொரு கை பிடித்து, மெல்லக் கீழே இறக்கி, போர்வைக்குள் வைத்தது. பிறகு அவர் தாடையில் விரல் வைத்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. அவசரமே இல்லை. பார்கவிக்கு ஒருநாளும் வாய்க்காத பொறுமை. அது காத்திருந்தது. காத்துக்கொண்டே இருந்தது.

அவர் வாயைத் திறந்தார்.

பார்கவியின் முகத்துக்கு மேல், அமுங்கிக் கிடந்த தண்டுகள் ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கின.